வலையமைப்புச் சாதனங்களின் அமைவும் போக்குவரத்தின் தரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில பத்து ஸ்விட்ச்கள், சில ரவுட்டர்கள், ஒன்றிரண்டு ஃபயர்வால்கள், அவற்றோடு வைஃபை ஆக்சஸ் பாயிண்ட்கள் என்ற அளவில் ஒரு கணினி வலையமைப்பைப் பொறுப்பேற்று நடத்துபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. பொறியாளர்கள் கான்ஃபிகரேஷன் அல்லது சுருக்கமாக கான்ஃபிக் என்று சொல்வதை இந்தப் பக்கம் ‘அமைவு’ என்று குறிக்கிறது. ‘போக்குவரத்து’ என்பது இங்கே வலையமைப்பில் செல்லும் தரவு.

அமைவு மேலாண்மையும் போக்குவரத்துத் தரமும் வெவ்வேறு வேலைகள் அல்லவா? அவற்றை ஏன் சேர்த்துப் பேச வேண்டும்?

பெரிய நிறுவனங்களில் இரண்டையும் வெவ்வேறு குழுக்கள் பார்ப்பதுண்டு. ஆனால் வலையமைப்பின் உள்ளே அப்படி ஒரு பிரிவு கிடையாது. ஒரு குரல் அழைப்பின் பாக்கெட் (சிறு தரவுத் துண்டு) ஒரு மேசையிலிருந்து இன்னொரு கட்டடத்தின் மேசைக்குப் போவதற்குள் ஆறு சாதனங்களைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சாதனங்கள் அதற்கு முன்னுரிமை கொடுத்து, ஆறாவது சாதனம் மட்டும் அதன் மேல் இருக்கும் முன்னுரிமை முத்திரையை அழித்துச் சாதாரண வரிசையில் நிறுத்திவிட்டால், அழைப்பவர் காதில் விழுவது அந்த ஆறாவது சாதனத்தின் தரம்தான். பழுதாகி வெளியே எடுத்த ஸ்விட்சுக்குப் பதிலாக அவசரத்தில் பொருத்தப்பட்டு, பழைய அமைவின் பாதி மட்டும் ஏற்றப்பட்ட புதிய ஸ்விட்ச்தான் பெரும்பாலும் அந்த ஆறாவது சாதனமாக இருக்கும். தரக் கொள்கையை எவ்வளவு நுட்பமாக வகுத்தாலும், அது எல்லாச் சாதனங்களிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று சொல்ல முடியாத இடத்தில் அந்தக் கொள்கை காகிதத்தில் மட்டுமே இருக்கிறது.

ஓடும் அமைவு, தொடக்க அமைவு என்று இரண்டு ஏன் இருக்கின்றன?

பல ரவுட்டர்களிலும் ஸ்விட்ச்களிலும் நீங்கள் தட்டச்சு செய்யும் கட்டளை அந்த நொடியே நடைமுறைக்கு வந்துவிடும். அதுதான் ஓடும் அமைவு, அது தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருக்கும். சாதனம் அணைந்து மீண்டும் எழும்போது படிப்பது நிரந்தர நினைவகத்தில் உள்ள தொடக்க அமைவை. இரண்டையும் ஒன்றாக்கும் சேமிப்புக் கட்டளையைக் கொடுக்க மறந்தால், பல மாதங்கள் நன்றாக ஓடிய மாற்றம் ஒரு மின்தடையோடு காணாமல் போகும். அப்போது அந்த மாற்றத்தைச் செய்தவருக்கே அது நினைவில் இருப்பதில்லை. எனவே இரண்டும் வேறுபடும் சாதனங்களைத் தினமும் பட்டியலிடும் ஒரு சிறு நிரலை எழுதி வைப்பது, விலை உயர்ந்த மேலாண்மைத் தொகுப்பு வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

வேறு சில சாதனங்கள் மூன்றாவதாக ஒன்றையும் வைத்திருக்கின்றன. அவற்றில் மாற்றங்களை முதலில் ஒரு வரைவு அமைவில் எழுதி, சரிபார்த்து, பிறகு ஒரே வீச்சில் நடைமுறைப்படுத்தலாம். வாய்ப்பிருந்தால் இந்த முறையையே தேர்ந்தெடுங்கள். பத்து வரி மாற்றத்தில் ஐந்தாவது வரியோடு உங்கள் தொடர்பே அறுந்துபோகும் ஆபத்து இதில் பெருமளவு குறைகிறது.

அமைவுகளை எங்கே, எப்படிச் சேமித்து வைப்பது?

ஒவ்வொரு சாதனத்தின் அமைவையும் குறிப்பிட்ட இடைவெளியில் தானாக எடுத்து, முந்தைய பதிப்போடு ஒப்பிட்டு, வேறுபாட்டை மின்னஞ்சலில் அனுப்புவதே அடிப்படை முறை. ரான்சிட், ஆக்ஸிடைஸ்டு ஆகிய திறந்த மூல மென்பொருள்கள் இதைத்தான் செய்கின்றன. அவற்றின் பின்னால் கிட் போன்ற பதிப்புக் களஞ்சியம் இருந்தால், எந்த வரி எந்த நாளில் மாறியது என்பதை எத்தனை ஆண்டு கழித்தும் காணலாம்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அமைவுக் கோப்புக்குள்ளேயே வரும் நேர முத்திரை, கடிகாரத் திருத்தம் போன்ற வரிகளை வடிகட்டாவிட்டால் ஒவ்வொரு இரவும் எல்லாச் சாதனங்களும் ‘மாறியதாக’ மின்னஞ்சல் வரும். ஒரு வாரத்தில் அதை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அடுத்து, அமைவுக் கோப்பில் கடவுச்சொற்களும் பகிர்வுச் சாவிகளும் இருப்பதால் அந்தக் களஞ்சியமே வலையமைப்பின் திறவுகோல் கொத்து. அதற்கான அணுகலை மிகச் சிலருக்கு மட்டும் கொடுக்க வேண்டும். டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு மாற்று நெறிமுறை வழியாகக் கோப்பை அனுப்பும் பழைய வழக்கத்தில் மறைகுறியாக்கமும் இல்லை, பயனர் சரிபார்ப்பும் இல்லை. எஸ்எஸ்எச் என்ற மறைகுறியாக்கப்பட்ட இணைப்பு வழியாக எடுப்பதே முறை.

சேமித்த கோப்பை ஒரு முறையாவது உதிரிச் சாதனத்தில் ஏற்றிப் பார்த்திருக்கிறீர்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில சாதனங்களில் சான்றிதழ்களும் உரிமச் சாவிகளும் அமைவுக் கோப்பில் வருவதில்லை, விஎல்ஏஎன் (ஸ்விட்சுக்குள் பிரிக்கப்பட்ட தனி வலையமைப்பு) பட்டியல்கூடத் தனிக் கோப்பில் இருக்கும். மீட்டெடுக்கும் நாளில்தான் இது தெரியவரும்.

கண்காணிப்புக்கு எஸ்என்எம்பி என்ற நெறிமுறை இருக்கிறதே, அதன் வழியாகவே அமைவையும் மாற்றலாமே?

நெறிமுறை அதை அனுமதிக்கிறது; நடைமுறை ஒதுக்கிவிட்டது. எஸ்என்எம்பி 1988-இல் வெளிவந்தபோது மதிப்பைப் படிக்கவும் எழுதவும் இரண்டுக்குமாகவே வடிவமைக்கப்பட்டது. ஆனால் அதன் முதல் இரண்டு பதிப்புகளில் பாதுகாப்பு என்பது வலையில் வெளிப்படையாகச் செல்லும் ஒரு சொல் மட்டுமே. மேலும், ஒன்றையொன்று சார்ந்த முப்பது மதிப்புகளை ஒரே பரிவர்த்தனையாக மாற்றுவதும், இடையில் தவறினால் அனைத்தையும் திரும்பப் பெறுவதும் அதில் எளிதல்ல.

2002 ஜூன் மாதத்தில் இணையக் கட்டமைப்பு வாரியம் வலையமைப்பு நடத்துபவர்களையும் நெறிமுறை வகுப்பவர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தது. அங்கே நடத்துபவர்கள் சொன்னவை மறு ஆண்டு ஆர்எஃப்சி 3535 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியாயின. அமைவுத் தரவையும் நடப்பு நிலைத் தரவையும் தெளிவாகப் பிரிக்க வேண்டும், தனித்தனிச் சாதனங்களை விட வலையமைப்பை முழுமையாக அமைக்க முடிய வேண்டும், அமைவுகளை உரைக் கோப்புகளாக ஒப்பிட முடிய வேண்டும் என்பவை அவற்றுள் சில. அந்த ஆவணம் இன்றும் படிக்கத் தகுந்தது; குறைகளைப் பூசி மெழுகாமல் சொல்லும் நெறிமுறை ஆவணங்கள் அரிது. அதன் வழியில் வந்தவை 2006-இல் வெளியாகி 2011-இல் திருத்தப்பட்ட நெட்கான்ஃப் என்ற அமைவு நெறிமுறை, 2010-இல் வந்த யாங் என்ற தரவு வடிவமைப்பு மொழி, 2017-இல் வந்த ரெஸ்ட்கான்ஃப் என்ற இன்னொரு அமைவு நெறிமுறை ஆகியவை. எஸ்என்எம்பியைப் படிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்துங்கள். எழுதும் அனுமதியை எல்லாச் சாதனங்களிலும் நீக்கிவிடுங்கள்.

தொலைவில் உள்ள சாதனத்தில் மாற்றம் செய்யும்போது தொடர்பு அறுந்துவிட்டால் என்ன செய்வது?

அறுந்த பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை. அறுவதற்கு முன்பே ஏற்பாடு இருக்க வேண்டும். நெட்கான்ஃபில் உறுதிப்படுத்தும் கமிட் என்ற வசதி உண்டு. மாற்றம் நடைமுறைக்கு வந்தபின் குறிப்பிட்ட நேரத்துக்குள் நீங்கள் மறுபடியும் உறுதி சொல்லாவிட்டால், சாதனம் தானே பழைய அமைவுக்குத் திரும்பிவிடும். இயல்பான காலக்கெடு 600 வினாடிகள். இந்த வசதி இல்லாத பழைய ஸ்விட்ச்களில், சேமிக்காமல் மாற்றம் செய்வதற்கு முன் பத்து நிமிடத்தில் மறுதொடக்கம் ஆகும்படி ஒரு கட்டளையைக் கொடுத்து வைப்பார்கள். தொடர்பு பிழைத்தால் அதை ரத்து செய்யலாம், அறுந்தால் சாதனம் எழும்போது தொடக்க அமைவோடு எழும். முரட்டுத்தனமான வழிதான், ஆனால் நள்ளிரவில் வண்டியெடுத்துப் போவதைத் தவிர்க்கும்.

இன்னொரு ஏற்பாடு, மேலாண்மைக்கென்று வேறு பாதை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு வலையமைப்பில் பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை அதன் தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்புகள் அனைத்தையும் துண்டித்தது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் ஒரு பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. சேவைகள் சுமார் ஆறு மணி நேரம் கிடைக்காமல் போனதற்கு, பொறியாளர்கள் உள்ளே நுழையப் பயன்படுத்தும் கருவிகளும் அதே வலையமைப்பைச் சார்ந்திருந்ததும் ஒரு காரணம். 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தில் ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டதும், மைய ரவுட்டர்கள் தாங்க முடியாத அளவுக்கு வழித்தடத் தகவல்கள் பெருகி நாடு முழுவதும் சேவை நின்றது. அங்கும் மேலாண்மைப் பாதை அந்த மையத்தையே நம்பியிருந்தது. உங்கள் வலையமைப்பு அவ்வளவு பெரியதாக இல்லாவிட்டாலும், சாதனத்தின் கன்சோல் முனையில் (நேரடி மேலாண்மைக்கான போர்ட்டில்) செருகிய ஒரு கைப்பேசி மோடம் இதே குறையை உங்களுக்குத் தீர்த்து வைக்கும்.

எல்லாச் சாதனங்களிலும் ஒரே மாதிரியான அமைவு இருக்க என்ன வழி?

கையால் எழுதுவதை நிறுத்துவதுதான் வழி. பொதுவான பகுதியை ஒரு வார்ப்புருவாகவும், ஒவ்வொரு சாதனத்துக்கும் மாறும் பெயர், முகவரி, விஎல்ஏஎன் போன்றவற்றை ஒரு தரவுக் கோப்பாகவும் வைத்து, இரண்டையும் சேர்த்து அமைவை உருவாக்க வேண்டும். ஆன்சிபிள் போன்ற கருவிகள் இதற்குப் போதுமானவை. தொடங்கும்போது முழு அமைவையும் வார்ப்புருவுக்குள் கொண்டுவர முயலாதீர்கள். நேரச் சேவையகம், பதிவுச் சேவையகம், பயனர் சரிபார்ப்பு, போக்குவரத்து வகுப்புகள் ஆகிய நான்கும் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டியவை. அவற்றை முதலில் எடுத்துக்கொண்டால் பயனும் உடனே தெரியும், ஆபத்தும் குறைவு.

வார்ப்புரு வந்த பிறகும் அவசரத்தில் யாராவது சாதனத்தில் நேரடியாக ஒரு வரியைச் சேர்ப்பார்கள். அதைக் குற்றமாகப் பார்ப்பதில் பயனில்லை; இரவு இரண்டு மணிக்கு இணைப்பை எழுப்பியவர் அவர்தான். அந்த வரி மறுநாள் ஒப்பீட்டில் தெரிய வேண்டும், வார்ப்புருவுக்குள் சேர வேண்டும் அல்லது நீக்கப்பட வேண்டும்.

இணைப்பின் வேகத்தைக் கூட்டினால் தரப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

நெரிசல் நாள் முழுவதும் இருந்தால் வேகத்தைக் கூட்டத்தான் வேண்டும். முன்னுரிமை விதிகள் புதிதாக பேண்ட்வித் (இணைப்பின் தரவுக் கொள்ளளவு) எதையும் உண்டாக்குவதில்லை; இருப்பது போதாதபோது யார் காத்திருப்பது என்பதை மட்டுமே அவை முடிவு செய்கின்றன. ஆனால் நெரிசல் சில மில்லி விநாடிகளுக்கு மட்டும் வருவதும் உண்டு. 10 ஜிகாபிட் வேகத்தில் ஒரு சர்வர் அனுப்பும் தரவு 1 ஜிகாபிட் முனை (போர்ட்) வழியாக வெளியேற வேண்டியிருந்தால், அந்த முனைக்கு 1 மெகாபைட் இடையகம் (பாக்கெட்கள் காத்திருக்கும் நினைவகம்) இருந்தாலும் அது ஒரு மில்லி விநாடிக்குள் நிரம்பிவிடும். அடுத்து வரும் பாக்கெட் எந்த வகையினதாக இருந்தாலும் கீழே விழும். நாள் சராசரி 10 விழுக்காடாக இருக்கும் இணைப்பிலும் இது நடக்கும். வேகம் மாறும் இடங்களிலும், பல முனைகள் ஒரே முனையில் கலக்கும் இடங்களிலும் வரிசை உருவாகியே தீரும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி 1,000 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மில்லி விநாடி ஆகும். அந்தத் தாமதத்தை எந்த விதியாலும் எந்த வேகத்தாலும் குறைக்க முடியாது.

தரம் என்பதை எந்த அளவுகளால் சொல்வது?

தாமதம், தாமதத்தின் ஏற்ற இறக்கமான ஜிட்டர், பாக்கெட் இழப்பு ஆகிய மூன்றால். குரல் அழைப்புக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு உரையாடல் இயல்பாக இருக்கும் என்பதும், 400-ஐத் தாண்டினால் பொதுவாக ஏற்கத்தக்கதல்ல என்பதும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. பேண்ட்வித்தைப் பொறுத்தவரை குரல் மிகச் சிறிது. ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் 20 மில்லி விநாடிக்கு ஒன்றாக வினாடிக்கு 50 பாக்கெட்கள், ஒவ்வொன்றிலும் 160 பைட் குரலும் 40 பைட் தலைப்பும் சேர்ந்து 80 கிலோபிட், அவ்வளவுதான். கோப்பு பதிவிறக்கம் ஒரு நொடி நின்றாலும் யாரும் கவனிப்பதில்லை. குரல் கால் நொடி நின்றாலே ‘கேட்கிறதா, கேட்கிறதா’ என்ற கேள்வி எழும். அதிக பேண்ட்வித் தேவைப்படாத, ஆனால் காத்திருக்கவே முடியாத போக்குவரத்து இது என்பதால்தான் அதற்கு முன்னுரிமை கொடுப்பது மலிவாக முடிகிறது.

டிஎஸ்சிபி முத்திரை என்றால் என்ன?

ஐபி பாக்கெட்டின் தலைப்பில் உள்ள 6 பிட் புலம் அது; 0 முதல் 63 வரை மதிப்புகள் வரலாம். 1998 டிசம்பரில், இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஈடிஎஃப் அமைப்பு இதை வரையறுத்தது. அதற்கு முன் ஒவ்வொரு உரையாடலுக்கும் வழிநெடுகிலும் இடம் முன்பதிவு செய்யும் முறை முயன்று பார்க்கப்பட்டது; இலட்சக்கணக்கான உரையாடல்களின் நிலையை மைய ரவுட்டர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்ததால் அது பரவலாகவில்லை. டிஎஸ்சிபி முறையில் ரவுட்டர் உரையாடலை அறிய வேண்டியதில்லை, முத்திரையைப் பார்த்து வகுப்பை அறிந்தால் போதும். குரலுக்கு 46, காணொளிக் கூட்டத்துக்கு 34, ரவுட்டர்களுக்கு இடையிலான வழித்தடச் செய்திகளுக்கு 48, மற்றதற்கெல்லாம் 0 என்பது பரவலான வழக்கம். முத்திரை தன்னளவில் எதையும் செய்வதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். வரிசை அமைக்கப்படாத சாதனத்துக்கு 46-ம் 0-வும் ஒன்றுதான்.

எத்தனை வகுப்புகள் வைத்துக்கொள்வது நல்லது?

நான்கு. 12 வகுப்புகள் வரை விவரிக்கும் வழிகாட்டி ஆவணங்கள் உண்டு. ஆனால் எந்த வகுப்பில் எது போகிறது என்பதைக் குழுவில் உள்ள அனைவரும் தாளைப் பார்க்காமல் சொல்ல முடியாத கொள்கை ஓராண்டில் சிதைந்துவிடும். குரலும் ஒத்தவையும், காணொளியும் முக்கியப் பணிப் போக்குவரத்தும், சாதாரணம், பின்னணியில் ஓடும் பேக்கப் போன்றவை என நான்கு போதும். குரல் வரிசை முற்றுரிமை (எப்போதும் முதலில் அனுப்பப்படும் உரிமை) கொண்டது என்பதால் அதற்கு உச்ச வரம்பு கட்டாயம் வேண்டும். இணைப்பின் மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பது வழக்கம். வரம்பில்லாத முற்றுரிமை வரிசையில் யாராவது தவறாகக் கோப்பு நகலெடுப்பைச் சேர்த்துவிட்டால் மற்ற மூன்று வகுப்புகளும் பட்டினி கிடக்கும்.

கணினிகளே தங்கள் பாக்கெட்டில் முத்திரை இட்டு அனுப்புகின்றனவே, அதை நம்பலாமா?

பொதுவாகக் கூடாது. எந்த முனையில் முத்திரையை ஏற்பது, எந்த முனையில் அழித்து நீங்களே இடுவது என்ற எல்லை அணுகல் ஸ்விட்சின் முனையிலேயே இருக்க வேண்டும். நீங்கள் நிர்வகிக்கும் ஐபி தொலைபேசியை நம்பலாம். அதன் பின்னால் செருகிய கணினியை நம்ப வேண்டியதில்லை. உள்ளே போன பிறகு மையச் சாதனங்கள் முத்திரையை ஆராயாமல் ஏற்கும். சில ஸ்விட்ச்களில் தர வசதியை இயக்கிய உடனே எல்லா முனைகளும் ‘நம்பாதே’ நிலைக்குப் போய் முத்திரைகளை 0 ஆக்கும். நல்லெண்ணத்தோடு வசதியை இயக்கியதால் தரம் கெட்டது என்ற விசித்திரமான புகார்களின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

முன்னுரிமை விதிகளைச் சரியாக எழுதியும் வெளி இணைப்பில் பயன் தெரியவில்லை. ஏன்?

இந்தப் பக்கத்திலேயே அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், விடையும் பெரும்பாலும் ஒன்றுதான். சேவை நிறுவனம் 100 மெகாபிட் கொடுக்கிறது, ஆனால் அது வந்து சேரும் முனை 1 ஜிகாபிட் வேகத்தில் இணைந்திருக்கிறது என்று கொள்வோம். உங்கள் ரவுட்டரின் பார்வையில் அந்த முனை நிரம்புவதே இல்லை. முனை நிரம்பாத இடத்தில் வரிசை உருவாகாது. வரிசை இல்லாத இடத்தில் யாரை முன்னே விடுவது என்ற கேள்வியே எழாது. உங்கள் விதிகள் ஒரு பாக்கெட்டைக்கூடத் தொடாமல் சும்மா இருக்கின்றன. 100 மெகாபிட்டைத் தாண்டியவை சேவை நிறுவனத்தின் சாதனத்தில் போய் மோதுகின்றன. அங்கே உங்கள் வகுப்புகள் தெரியாது என்பதால் குரலும் கோப்பும் பேதமின்றி விழுகின்றன.

தீர்வு, நெரிசலை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்வது. வெளி முனையில் போக்குவரத்தை 95 மெகாபிட் அளவுக்கு ஷேப்பிங் செய்து, அந்த ஷேப்பருக்குள் நான்கு வகுப்பு வரிசைகளை வைக்க வேண்டும். இப்போது வரிசை உங்கள் ரவுட்டரில் உருவாகும், உங்கள் விதிகள் வேலை செய்யும். சிறிது பேண்ட்வித்தை விட்டுக்கொடுக்கிறோம் என்று மேலாளர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த ஐந்து மெகாபிட்தான் மீதி தொண்ணூற்றைந்தின் மேல் உங்களுக்கு அதிகாரத்தைத் தருகிறது.

ஷேப்பிங், போலீசிங் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வரம்பை மீறியதைக் காத்திருக்க வைத்து அனுப்புவது ஷேப்பிங். உடனே வீசிவிடுவது போலீசிங். உங்களிடமிருந்து வெளியேறும் போக்குவரத்துக்கு முன்னதும், உங்களுக்குள் நுழையும் போக்குவரத்தின் மீது வரம்பை நிலைநாட்டப் பின்னதும் பொருந்தும். விபிஎன் சுரங்கம் இருந்தால் கூடுதலாக ஒன்று: மறைகுறியாக்கம் செய்தபின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. உள் பாக்கெட்டின் டிஎஸ்சிபி வெளித் தலைப்புக்கு நகலாவது வழக்கம் என்பதால், முத்திரையை மறைகுறியாக்கத்துக்கு முன்பே இட்டுவிடுங்கள்.

இடையகத்தைப் பெரிதாக்கினால் இழப்பு குறையுமே?

இழப்பு குறையும், தாமதம் பெருகும். தரவை அனுப்பும் நெறிமுறையான டிசிபி தன் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அறிவதே பெரும்பாலும் பாக்கெட் விழும்போதுதான். பெரிய இடையகம் அந்தச் செய்தியை வெகுநேரம் மறைத்து வைக்கிறது. இதற்கிடையில் வரிசை நூற்றுக்கணக்கான மில்லி விநாடிக்கு வளர்ந்துவிடுகிறது. கணினிப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் இதற்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயர் சூட்டிப் பரவலாக்கினார். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் முன்வைத்த கோடெல் முறை வரிசையின் நீளத்தை அளப்பதில்லை, பாக்கெட் அதில் தங்கும் நேரத்தை அளக்கிறது. குறைந்தபட்சத் தங்கல் நேரம் 100 மில்லி விநாடி இடைவெளி முழுவதும் 5 மில்லி விநாடிக்கு மேலேயே இருந்தால் பாக்கெட்களை வீசத் தொடங்கும். லினக்ஸ் அடிப்படையிலான ரவுட்டர்களில் இதன் விரிவாக்கமான எஃப்கியூ-கோடெல் கிடைக்கிறது. சிறிய கிளை இணைப்புகளில் நான்கு வகுப்புக் கொள்கையைவிட இது ஒன்றே அதிகப் பயன் தருவதுண்டு.

வைஃபையிலும் இதே முத்திரைகள் செல்லுமா?

செல்லும், ஆனால் வழியில் ஒரு பொறி இருக்கிறது. வைஃபையில் குரல், காணொளி, சாதாரணம், பின்னணி என்று நான்கு வகைகள்தான். பல சாதனங்கள் டிஎஸ்சிபியின் முதல் மூன்று பிட்டை மட்டும் எடுத்து வைஃபை முன்னுரிமையாக்கும். 46-இன் முதல் மூன்று பிட் 5. வைஃபையில் 5 என்பது காணொளி வகை, குரல் வகை 6-லிருந்துதான் தொடங்குகிறது. இப்படியாகக் குரல் ஓசையின்றி ஒரு படி இறங்கிவிடும். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8325 இதற்கென்றே சரியான பொருத்த அட்டவணையைத் தருகிறது.

பொது இணையத்தில் நம் முத்திரைக்கு மதிப்புண்டா?

ஒப்பந்தம் இல்லாத இடத்தில் இல்லை. பல சேவை நிறுவனங்கள் தங்கள் எல்லையில் அதை 0 ஆக்கிவிடும்.

கண்காணிப்பு வரைபடம் 30 விழுக்காடுதான் காட்டுகிறது, ஆனால் பயனர்கள் புகார் செய்கிறார்கள். யாரை நம்புவது?

பயனர்களை நம்புங்கள். வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஐந்து நிமிடச் சராசரி. 90 வினாடி முழுக்க நிரம்பி, மீதி 210 வினாடி காலியாக இருந்த இணைப்பும் அதே 30 விழுக்காட்டைத்தான் காட்டும். பயன்பாட்டு விழுக்காட்டோடு சேர்த்து, ஒவ்வொரு முனையிலும் ஒவ்வொரு வரிசையிலும் வீசப்பட்ட பாக்கெட்களின் எண்ணிக்கையையும் எடுத்து வரைய வேண்டும். அது அதிகரிக்கும் நேரமும் புகார் வரும் நேரமும் ஒத்துப்போனால் தேடல் பாதி முடிந்தது.

எண்ணியின் (கவுன்டரின்) அளவையும் பாருங்கள். எஸ்என்எம்பியின் பழைய 32 பிட் பைட் எண்ணி சுமார் 429 கோடியில் பூஜ்யத்துக்குத் திரும்பும். 1 ஜிகாபிட் முழு வேகத்தில் அதற்கு 34 வினாடி போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை படிக்கும் கருவி இடையில் அது எத்தனை முறை சுற்றியது என்று அறியாமல், நம்பத்தக்கது போல் தோன்றும் பொய்யான எண்ணைக் காட்டும். 64 பிட் எண்ணிகளையே பயன்படுத்துங்கள். இணைப்பை நிரப்புவது யார் என்று அறிய நெட்ஃப்ளோ, ஐபிஃபிக்ஸ், எஸ்ஃப்ளோ போன்ற ஓட்டப் பதிவுகள் வேண்டும். எல்லாச் சாதனங்களின் கடிகாரமும் என்டிபி என்ற நேர நெறிமுறை வழியாக ஒத்திருக்காவிட்டால் இந்தப் பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவே முடியாது.

குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்று புகார் வந்தால் எங்கே தொடங்குவது?

தரக் கொள்கையில் தொடங்க வேண்டாம். முதலில் பாதையில் உள்ள ஒவ்வொரு முனையிலும் பிழை எண்ணிகளைப் பாருங்கள். ஒரு பக்கம் முழு டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் அனுப்புவது) என்று கையால் நிலைநிறுத்தப்பட்டு, மறுபக்கம் தானியங்கி நிலையில் இருந்தால், தானியங்கிப் பக்கம் அரை டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும். பிங் என்ற இணைப்புச் சோதனை நன்றாகப் போகும், சுமை ஏறியவுடன் பாக்கெட் சிதையும். நெரிசலைப் போலவே தோன்றும் இந்தக் கோளாறை எந்த முன்னுரிமையும் சரி செய்யாது. பழுதடைந்த கேபிளும் அப்படித்தான்.

பிழைகள் இல்லையென்றால், ஒரு சோதனை அழைப்பை நடத்தி, பாதையின் இரு கோடிகளிலும் பாக்கெட்டைப் பிடித்து டிஎஸ்சிபி மதிப்பை ஒப்பிடுங்கள். 46 ஆகப் புறப்பட்டு 0 ஆக வந்து சேர்ந்தால் பாதையை நடுவில் பிளந்து பிளந்து சோதித்தால் முத்திரையை அழிக்கும் சாதனம் மூன்று நான்கு முயற்சியில் அகப்படும். முத்திரை சரியாக இருந்தால் வரிசைவாரியான வீழ்ச்சி எண்ணிகளுக்குப் போங்கள்: குரல் வரிசையில் வீழ்ச்சி இருந்தால் அதன் வரம்பு போதவில்லை அல்லது சேரக் கூடாதது அதில் சேர்ந்திருக்கிறது, எந்த வரிசையிலும் வீழ்ச்சி இல்லையென்றால் நெரிசல் உங்கள் சாதனத்துக்கு வெளியே இருக்கிறது, மேலே சொன்ன ஷேப்பிங்கைப் பாருங்கள்.

இவற்றைச் செய்யும்போதே, புகார் தொடங்கிய நாளையும் அமைவுக் களஞ்சியத்தில் அந்த வாரம் பதிவான மாற்றங்களையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டைப் பிடிக்கும் கருவியைத் திறப்பதற்கு முன்பே விடை அங்கே ஒரு வரியில் கிடைத்துவிடுவது அடிக்கடி நடப்பதுதான்.